ஹரிராமின் லாகின்

வசுந்தரா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் கம்ப்யூட்டர் அவளுடைய புருஷனுக்கு வணக்கம் சொன்னது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், "குட் மார்னிங், ஹரிராம்." புருஷன் செத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

மதுரையில் ஒரு வாரியத்தின் மண்டல அலுவலகம் அது. எந்த வாரியம் என்பது கதைக்கு வேண்டாம். சொன்னால் அங்கே இன்னும் சம்பளம் வாங்குகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். தொண்ணூற்று நாலில் அங்கே பதினெட்டுக் கம்ப்யூட்டர்கள் வாங்கி, மூலை அறையில் சர்வர் என்று ஒன்றை வைத்து, எல்லாவற்றையும் ஒயரால் இணைத்தார்கள். எல்லாருடைய ஃபைல்களும் அந்த சர்வருக்குள்தான் கிடக்கும். யார் எந்த மேஜையில் உட்கார்ந்து அடித்தாலும் அச்சு வருவது நடு ஹாலில் இருந்த ஒரே பிரின்டரில். ஒருத்தர் தாளை இன்னொருத்தர் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று, ஒவ்வொரு அச்சுக்கும் முன்னால் சர்வர் தானாகவே ஒரு பக்கம் அடித்துத் தள்ளும். அதில் அனுப்பியவர் பேர் மட்டும், பக்கத்தை அடைத்துக்கொண்டு பெரிய எழுத்தில் இருக்கும். பியூன் மொக்கைச்சாமி அந்தப் பேர்த்தாள்களைக் கிழித்து அடுக்கி வைத்துக்கொண்டு, பதினோரு மணி வடையை அதில் சுற்றிக் கொடுப்பார். வாரியத்தின் காகிதத்தில் பாதி வடைக்குத்தான் போயிற்று. அதைப் பற்றி மேலிடத்தில் யாரும் கேட்டதில்லை.

ஹரிராம் அங்கே உதவியாளராக இருந்தவன். தொண்ணூற்றேழு டிசம்பர் ஒன்பதாம் தேதி காலையில் விளாங்குடி வீட்டிலிருந்து மொபெட்டில் கிளம்பி, திண்டுக்கல் ரோட்டில் ஒரு லாரியின் பக்கத்தில் விழுந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துபோனான். வாரிசு வேலைக்கு மனு போட்டு, ஒரு சான்றிதழுக்காக இன்னொரு சான்றிதழ், அதற்காக மற்றொன்று என்று வசுந்தரா ஒரு வருஷம் அலைந்தாள். கடைசியில் அவன் உட்கார்ந்த நாற்காலியிலேயே அவளை உட்கார வைத்தார்கள்.

சர்வரைப் பார்த்துக்கொண்டவர் அழகுமலை. ஹரிராமுக்குக் கூட்டாளி. நல்ல மனுஷன்தான், ஆனால் நாளைக்குச் செய்யலாம் என்று இருக்கிற வேலையை இன்றைக்குச் செய்து பழக்கமில்லாதவர்.

"தங்கச்சி, உங்க பேருல புது லாகின் போட ஆர்டர் வேணும். சூப்பிரண்டு மெட்ராஸ்ல கேட்டுத்தான் தருவாராம். அதுவரைக்கும் மாப்ள லாகின்லயே வேலை பாருங்க. செக்ஷன் ஃபைலை எல்லாம் திறக்கிற உரிமை அதுக்குத்தான் இருக்கு. பாஸ்வேர்டை மட்டும் மாத்தி வச்சிருக்கேன்."

"அவரு பேருலயாண்ணே?"

"எம்புட்டு நாளாயிரப் போகுது? மிஞ்சிப் போனா ஒரு வாரம்."

அந்த ஒரு வாரம் பத்து மாதம் ஆயிற்று.

அன்று பகலில் அவள் முதல் கடிதத்தை அடித்து அச்சுக்கு அனுப்பினாள். பிரின்டர் கரகரவென்று இழுத்து முதலில் பேர்த்தாளைத் தள்ளியது. ஹரிராம். தலைப்பிலிருந்து கால் வரைக்கும் அதுதான். வசுந்தரா பிரின்டர் முன்னால் நின்றவள் நின்றபடியே இருந்தாள். மொக்கைச்சாமி அதை வழக்கம்போலக் கிழித்து அடுக்கப் போனார். பிறகு என்ன தோன்றியதோ, மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு டீ வாங்கக் கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் பக்கத்து மேஜை சாவித்ரி, டைப்பிஸ்ட், பரிவாகக் கேட்டாள்: "உங்க பொண்ணு எப்டியிருக்கா? இப்ப எந்த கிளாஸ்?"

வசுந்தரா கையிலிருந்த பேர்த்தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள். அவள் வீட்டில் பெண் கிடையாது. எந்தக் குழந்தையும் கிடையாது.

பெற்றது உண்மை. தொண்ணூறு டிசம்பர் பத்தாம் தேதி பிறந்தாள், ரம்யாஸ்ரீ. பதினோரு மாதத்தில் அவளைத் தூக்கிக் கொடுத்ததும் உண்மை. ஹரிராமின் அண்ணன் ராஜகுருவுக்கும் அவர் மனைவி மீனலோசனிக்கும் பரமக்குடியில் ஜவுளிக் கடை, மாடி வீடு, எல்லாம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாகக் குழந்தை மட்டும் இல்லை. மாமியார் அழுதாள், மீனலோசனி அழுதாள், குடும்பமே சுற்றி உட்கார்ந்து, உங்களுக்கு வயசிருக்கிறது, அடுத்தது பிறக்கும் என்றது. அடுத்தது பிறக்கவே இல்லை. கொடுக்கும்போது மீனலோசனி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பெற்றவள் கண்ணில் பட்டால் பிள்ளை தன்னிடம் ஒட்டாது, அதனால் வசுந்தரா பரமக்குடி வாசல் மிதிக்கக் கூடாது. வசுந்தரா சாமி படத்துக்கு முன்னால் சரியென்றாள். இருபத்துமூன்று வயது அவளுக்கு. சரி என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும். அன்றிலிருந்து விளாங்குடி வீட்டில் அந்தப் பேரை யாரும் வாயால் எடுக்கவில்லை. ஹரிராம் எடுக்கவே இல்லை. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியாமல் இருந்தது.

"நல்லா இருக்கா," என்று சாவித்ரிக்குப் பதில் சொன்னாள் வசுந்தரா. "மூணாவது படிக்கிறா."

பொய் சொன்னதுபோல அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அவளிடம் உன் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள்.

பாவி மனுஷன், வீட்டில் ஊமையாக இருந்துவிட்டு, இங்கே வந்து மகள் இருப்பதாகக் கதை விட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவனும் ஏங்கியிருக்கிறான். செத்துப்போன புருஷன் மேல் அவளுக்குப் புதிதாக ஒரு பிரியம் உண்டாயிற்று. அவன் விட்ட கதையை அவளும் தொடர்ந்தாள். ஜூன் பிறந்ததும் ரம்யா நாலாம் வகுப்புக்குப் போனாள். ஆகஸ்டில் காய்ச்சல் வந்து தேறினாள். கணக்கு வரவில்லை, ஓவியம் வருகிறது. சாவித்ரி கேட்கக் கேட்க வசுந்தரா சொல்லிக்கொண்டே போனாள். உலகத்தில் அந்த ஒரு ஹாலில் மட்டும் அவள் அம்மாவாக இருந்தாள்.

ஆர்டர் என்னாயிற்று என்று அவள் ஒருநாளும் அழகுமலையிடம் கேட்கவில்லை. மற்றவர்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்து கம்ப்யூட்டரைப் போடுவாள். "குட் மார்னிங், ஹரிராம்" என்று வரும். அவள் அதற்குத் தங்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் மெதுவாகப் பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவாள்.

டிசம்பரில் கெடு வந்தது. இரண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டரெல்லாம் தேதி புரியாமல் உளறும் என்று ஊரெல்லாம் பேச்சு. வாரியம் புது சர்வரே வாங்கிவிட்டது. கூடவே மெட்ராஸிலிருந்து ஆர்டரும் வந்து சேர்ந்தது. ஆறாம் தேதி, திங்கட்கிழமை, அழகுமலை ஒவ்வொருவர் பேரிலும் சர்வரில் இருக்கும் ஃபைல்களின் பட்டியலை அச்செடுத்து மேஜை மேஜையாகக் கொண்டு வந்து வைத்தார்.

"வேணுங்கிறதுக்கு டிக் போடுங்க தங்கச்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுசுக்கு மாத்துறேன். டிக் இல்லாதது பழசோட போயிரும். திங்கள்லருந்து உங்களுக்கு உங்க பேருலயே லாகின். பேர்த்தாளும் இனிமே கிடையாது. காகிதத்துக்குக் கேடுன்னுட்டாங்க."

"மொக்கைச்சாமி அண்ணே வடையை எதுல சுத்துவாரு?" என்றாள்.

பட்டியல் ஆறு பக்கம். எல்லாம் சுற்றறிக்கை, நினைவூட்டு, பதில் மனு. ஒன்றையும் விட மனசில்லாமல் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே வந்தவளுடைய பேனா நாலாம் பக்கத்தில் நின்றது. ரம்யா ஒன்று. ரம்யா இரண்டு. அப்படியே ரம்யா பத்து வரைக்கும் இருந்தது. செக்ஷன் ஃபைலைத் தவிர வேறெதையும் அவள் இதுவரை திறந்ததில்லை.

முதல் ஃபைலைத் திறந்தாள். விடுப்புக் கடிதம். "ஐயா, பரமக்குடியில் என் அண்ணன் வீட்டில் வளரும் என் மகள் ரம்யாஸ்ரீயின் பிறந்தநாளை முன்னிட்டு அங்கு சென்று வர வேண்டியிருப்பதால், ஒரு நாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்." தொண்ணூற்று நாலு டிசம்பரில் எழுதியது.

இரண்டாவது, பள்ளியில் சேர்ப்பதற்காக. மூன்றாவது மறுபடி பிறந்தநாள். நாலாவது, "என் மகளுக்கு அம்மை கண்டிருப்பதால்." தொண்ணூற்றாறு மே மாதம். ஐந்து, ஆறு, ஏழு என்று திறந்துகொண்டே போனாள். பள்ளி ஆண்டு விழாவில் மகள் ஆடுவதால். மகளின் கையில் அடிபட்டதால்.

வசுந்தரா எழுந்து மூலை அறைக்குப் போனாள்.

"அண்ணே, அவரு லீவு போட்டுப் பரமக்குடி போவாரா?"

அழகுமலை விழித்தார். "என்ன தங்கச்சி இப்படிக் கேக்குறீங்க? ரெண்டு பேரும் சேந்துதானே போவீங்க?"

அவள் முகத்தைக் கவனிக்காமல் அவரே தொடர்ந்தார்.

"வந்து ஒரு வாரத்துக்கு அந்தப் பேச்சுத்தான். முன்பல்லு விழுந்திருச்சாம், சைக்கிள் ஓட்டுறாளாம்னு. அப்புறம், உங்க புளியோதரைன்னா பிள்ளைக்கு உசுராமே. டப்பாவை வழிச்சுத் தின்னுட்டுத்தான் விடுவாளாம்."

வசுந்தரா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். சில நாள் காலையில் ஹரிராம் சொல்வான்: "இன்னிக்குப் புளியோதரை பண்ணு. ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்க, கூடக் கொஞ்சம் வை." அவளும் அலுத்துக்கொண்டே கூடக் கொஞ்சம் வைப்பாள். வேலைக்குப் போகிறவன்போல டப்பாவை மாட்டிக்கொண்டு போனவன் நேராகப் பரமக்குடி பஸ் ஏறியிருக்கிறான். அவள் பிசைந்த சோற்றை அவள் பெற்ற பிள்ளை தின்றிருக்கிறது. அது அவளுக்கு மட்டும் தெரியாது.

அன்று வீட்டுக்குப் போய் அவன் படத்துக்கு விளக்கு ஏற்றவில்லை. படத்தைப் பார்த்து உட்கார்ந்து வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள். நீ போகலாம், நான் போகக் கூடாதா? அண்ணனும் அண்ணியும் உன்னை விடுவார்கள், நீயும் போய்விட்டு வந்து என் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவன்போலப் படுப்பாயா? பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சினிமாவுக்குப் போனேனோ என்னவோ. அதைக்கூட நினைத்துப் பார்க்க முடியவில்லையே. பத்து மாதமாக அவன் மேல் வளர்ந்த பிரியம் ஒரே சாயங்காலத்தில் கசந்துவிட்டது. அவள் நினைத்தது போல அவன் விட்டது கதையில்லை. கதை விட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அந்தப் பத்து ஃபைலுக்கும் டிக் போடாமல் விட்டாள். பழசோடு போகட்டும். புதன்கிழமையும் அதே கோபம்தான். வியாழக்கிழமை ஒன்பதாம் தேதி, அவன் செத்த நாள். அன்று காலையில் பட்டியலைக் கொடுத்துவிடலாம் என்று எடுத்தபோது, ரம்யா பத்துக்கு எதிரே இருந்த தேதி கண்ணில் பட்டது. தொண்ணூற்றேழு டிசம்பர் எட்டு, மாலை ஐந்து ஐம்பது. அவன் உயிரோடிருந்த கடைசி சாயங்காலம். ஒன்பது கடிதம் படித்த ஆத்திரத்தில் இதை அவள் திறக்காமலே விட்டிருந்தாள்.

திறந்தாள்.

"ஐயா, என் மகள் ரம்யாஸ்ரீயின் பிறந்தநாளை முன்னிட்டு, நானும் என் மனைவியும் பரமக்குடி சென்று மகளைப் பார்த்து வர வேண்டியிருப்பதால், பத்தாம் தேதி ஒரு நாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்."

நானும் என் மனைவியும். மற்ற ஒன்பதிலும் அந்தச் சொல் இல்லை.

அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அவன் சாவதற்கு இரண்டு நாள் முன்னால். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள்: "புதன்கிழமை என்ன நாள்னு ஞாபகம் இருக்கா? உங்களுக்கு எங்க இருக்கும். அன்னிக்கும் டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் போவீங்க. நெஞ்சுல இருக்கிறது கல்லுதானே." அவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினான். திங்கட்கிழமை முழுக்க அவள் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கத்தைவிட அரைமணி முன்னதாக, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினான். "சாயங்காலம் ஒண்ணு சொல்றேன்" என்றான். அவள் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

மறுபடி மூலை அறைக்குப் போனாள். "அந்தத் திங்கக்கிழமை அவரு ஏதாச்சும் அச்செடுத்தாராண்ணே?"

அழகுமலை கீபோர்டைத் தள்ளி வைத்தார். "எடுக்க வந்தாரு. பிரின்டர்ல தாள் சிக்கிக்கிருச்சு. அஞ்சு நிமிசத்துல எடுத்துரலாம், நாந்தான் காலையில பாத்துக்கிறலாம் மாப்ளன்னேன். அப்ப நான் வெள்ளனமே வாரேன், சூப்பிரண்டு வர்றதுக்குள்ள மேஜையில வைக்கணும்னாரு." ஹால் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ரெண்டு வருசமா இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல, தங்கச்சி. சொல்லத் தைரியம் வரல."

அவரைத் திட்டலாம் என்று நினைத்தாள். வாசல்வரைகூட வராத தன்னை முதலில் திட்ட வேண்டும் என்று அடுத்த நொடியே தோன்றியது. மேஜைக்குத் திரும்பினாள்.

கடிதத்தில் வருஷத்தை மட்டும் மாற்றினாள். தொண்ணூற்றேழை அழித்துத் தொண்ணூற்றொன்பது. வேறு ஒரு எழுத்தைத் தொடவில்லை. அச்சுக்கு அனுப்பினாள். தாள் சிக்கவில்லை. முதலில் ஹரிராம் என்று பேர்த்தாள் வந்தது. பின்னால் கடிதம் வந்தது. கடிதத்தின் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

சூப்பிரண்டு ஹாலாஸ்யம் சட்ட திட்டத்தில் ஊறின மனுஷர். ஒரு கால்புள்ளி தவறினாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "நானும் என் மனைவியும்" என்ற இடத்தில் நின்றார். கீழே இருக்கிற கையெழுத்தைப் பார்த்தார். கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்த பேர்த்தாளைப் பார்த்தார். அதைக் கிழித்துத் தனியாக எடுத்து அவளிடமே நீட்டினார். கடிதத்தின் ஓரத்தில் "அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதினார்.

"போய்ட்டு வாங்கோம்மா," என்றார். "ரெண்டு நாள் ஆனாலும் பரவால்ல."

வெள்ளிக்கிழமை விடியும்போதே எழுந்து புளியோதரை கிளறினாள். அவன் டப்பாவில், கூடக் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். டப்பாவைப் பேர்த்தாளில் சுற்றி நூல் கட்டினாள். பரமக்குடி வழியாகப் போகும் ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மானாமதுரை தாண்டும் வரைக்கும் மடியிலிருந்த டப்பாவைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

மீனலோசனி கதவைத் திறந்தாள். இரண்டு வருஷத்தில் தலை பாதி நரைத்திருந்தது. ஹரிராமின் சாவுக்குக்கூட அவளும் ராஜகுருவும்தான் வந்தார்கள். பிள்ளைக்குப் பரீட்சை என்றார்கள். இப்போது வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"வாக்குக் கொடுத்திருக்கே வசு."

"கொடுத்தேங்க்கா. நான் எதுவும் சொல்ல மாட்டேன். தூக்கிட்டும் போக மாட்டேன். இதைப் படிச்சுப் பாருங்க. அவரு கடைசியா எழுதினது." கடிதத்தின் இன்னொரு பிரதி வைத்திருந்தாள். அதில் வருஷத்தை மாற்றியிருக்கவில்லை.

மீனலோசனி படித்தாள். தேதியைப் படித்ததும் உதடு கோணிற்று. காகிதத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

கூடத்தில் பட்டுப்பாவாடையோடு ஒரு பெண் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. பிறந்தநாள் என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருக்கிறது. வசுந்தரா பக்கத்தில் போய் உட்கார்ந்து பொட்டலத்தை நீட்டினாள். பிள்ளை பெரிய எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தது.

"சித்தப்பா பேரு," என்றது. நூலைப் பிரித்தது. "சித்தப்பா டப்பா." மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, வசுந்தராவை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தது.

"நீங்கதான் விளாங்குடிச் சித்தியா?"

"ஆமாம்."

"நான் எப்பவும் கேப்பேன், சித்தி ஏன் வரலன்னு. உங்களுக்கு உடம்பு சரியில்ல, பஸ்ல வர முடியாதுன்னு சித்தப்பா சொல்வாங்க. சரியானதும் கூட்டிட்டு வரேன்னு சொல்வாங்க." இன்னொரு வாய் அள்ளிக்கொண்டது. "சித்தப்பா இறந்து போயிட்டாங்களாம்ல. அம்மா சொன்னாங்க. உங்களுக்கு இப்ப உடம்பு சரியாயிருச்சா?"

வசுந்தரா பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை எடுத்தாள். அந்தக் கன்னத்தைத் தொட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது.

"இன்னும் சரியாகலம்மா," என்றாள். "ஆனா பஸ்ல வர முடியுது."